‘சூழ்நிலை’ என்று எதைச் சொல்கிறோம்? குழந்தையின் வளர்ச்சியில் வீடும் ஊரும்

திருநெல்வேலிப் பக்கம் எந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்தாலும், “பையன் கெட்டிக்காரன்தான், வீட்டுச் சூழ்நிலைதான் சரியில்லை” என்ற பேச்சு ஒரு முறையாவது காதில் விழும். அம்மன் கோயில் கொடையில் பந்தல் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நிற்கும் சிறுவனைப் பார்த்து “வளர்ப்பு அப்படி” என்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டால் “அது பிறவியிலேயே வந்த மூளை” என்று முடித்துவிடுவார்கள். இந்தக் கருத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. ஆனாலும் ஒரே மனிதர் ஒரே நாளில் எல்லாவற்றையும் மனமாரச் சொல்கிறார். சொல்பவர் மேல் குறையில்லை. ‘சூழ்நிலை’ என்ற சொல் அவ்வளவு தளர்வாகப் புழங்குகிறது.

அந்தத் தளர்ச்சியால் தீங்கு நேர்கிறது. சூழ்நிலை என்றால் பணம் என்று எண்ணுகிற குடும்பம், பணம் இல்லாதபோது தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று சோர்ந்துவிடுகிறது; பணம் இருக்கிறபோது விலை உயர்ந்த பள்ளியையும் கைப்பேசியையும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறது. சூழ்நிலை என்றால் தாய் என்று எண்ணுகிற ஊரோ, பிள்ளையிடம் காணும் ஒவ்வொரு குறையையும் அவள் தலையில் ஏற்றுகிறது. வீடும் ஊரும் ஒரு குழந்தையின் வளர்ச்சிக்குள் உண்மையில் எந்த வழியாக நுழைகின்றன என்பது தெரிந்துவிட்டால் இரண்டு தவறுகளுமே விலகும். அந்த வழியை, இத்துறையில் எதுவும் படித்திராதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

## விதையும் வயலும்: பாதி பொருந்தும் உவமை

குழந்தை விதை, வீடு மண் என்பது நமக்குப் பழகிய உவமை. பிசானம் என்கிற நெல் பருவத்தில் ஒரே விதைநெல்லை வாய்க்கால் தலைப்பு வயலிலும் கடைமடை வயலிலும் போட்டால் விளைச்சல் ஒன்றாக இருக்காது என்பதை எந்த விவசாயிக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விதை, மண் என்ற இரண்டில் எது முக்கியம் என்று அவர் சண்டை போடுவதும் இல்லை. குழந்தை விஷயத்தில் மட்டும் அந்தச் சண்டையை ஓயாமல் போடுகிறோம்.

மரபணு என்பது பெற்றோரிடமிருந்து வந்து, உடல் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு வழிகாட்டும் குறிப்பு. அந்தக் குறிப்பு எப்படி நிறைவேறும் என்பதில் சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு. பீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய் இதற்குத் தெளிவான சான்று. அந்நோயோடு பிறக்கும் குழந்தையின் உடலால், உணவிலுள்ள புரதத்தின் ஒரு பகுதியைச் சரியாகக் கையாள முடியாது. கவனிக்காமல் விட்டால் மூளை கடுமையாகப் பாதிக்கப்படும். பிறந்த சில நாள்களிலேயே கண்டுபிடித்து, அந்தப் பகுதி குறைவாக உள்ள தனி உணவு முறையைக் கொடுத்து வந்தால், குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். மரபணுவில் ஒன்றும் மாறவில்லை. தட்டில் இருக்கும் உணவு மாறியது, அவ்வளவுதான். ‘பிறவியிலேயே வந்தது’ என்பதற்கு ‘மாற்ற முடியாதது’ என்று பொருள் கொள்வது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் விதை உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. விதை மண்ணைப் பார்த்துச் சிரிப்பதில்லை. வயல் தன்னைக் கவனிக்கவில்லையே என்று அழுவதும் இல்லை. குழந்தை இரண்டையும் செய்கிறது. சிரிக்கிற குழந்தையிடம் நாம் கூடுதலாகப் பேசுகிறோம். கூடுதலாகப் பேசக் கேட்ட குழந்தை மறுபடி சிரிக்கிறது. ஆகவே சூழல் என்பதைக் குழந்தைக்கு அடியில் அசையாமல் கிடக்கும் மண்ணாக எண்ணக் கூடாது. குழந்தைக்கும் அதைச் சுற்றி உள்ளவர்களுக்கும் இடையே நாள் முழுவதும் நடக்கிற போக்குவரத்தே சூழல். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

## மூளையில் பாதை விழுவது

திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். செம்மணலில் ஆள்கள் தினமும் நடக்கும் இடத்தில் ஒற்றையடிப் பாதை விழுகிறது. நடை நின்றால் ஆடிக் காற்று மணலை வாரி அதை மூடிவிடுகிறது. குழந்தையின் மூளையில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

பிறக்கும்போது குழந்தையின் மூளை எடை, பெரியவர்களின் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று வயதுக்குள் அது சுமார் 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. நரம்பணுக்களில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுவதால், இந்த வளர்ச்சியின் பெரும் பகுதி அவற்றுக்கு இடையே உண்டாகும் தொடர்புகளாலும் அவற்றைச் சுற்றி அமையும் உறைகளாலும் வருகிறது. ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி கடத்தும் சந்திப்பை நரம்பிணைப்பு என்கிறோம். முதல் சில ஆண்டுகளில் மூளை தேவைக்கு மேலேயே நரம்பிணைப்புகளை உண்டாக்குகிறது. பிறகு, அடிக்கடி பயன்படுபவை உறுதிப்படுகின்றன, பயன்படாதவை நீக்கப்படுகின்றன. இந்த நீக்கத்துக்குக் கத்தரித்தல் என்று பெயர். கத்தரித்தல் ஓர் இழப்பு என்று பயப்பட வேண்டாம். எல்லாப் பக்கமும் பாதை இருக்கிற காட்டில் வேகமாகப் போக முடியாது.

பயன்பாடு எப்படிப் பாதையைத் தீர்மானிக்கிறது என்பதை ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் அழகாகக் காட்டினார்கள். இந்தியில், நம் ‘த’வையும் ‘ட’வையும் போன்ற இரண்டு ஒலிகள் உண்டு. ஆங்கிலம் மட்டுமே பேசுகிற பெரியவர்களுக்கு அவற்றைப் பிரித்துக் கேட்பது மிகக் கடினம். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அதே வீடுகளின் குழந்தைகளில் பெரும்பாலோர் அந்தத் திறனை இழந்திருந்தார்கள். இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அது அப்படியே இருந்தது. ஒரு வயது நிறைவதற்குள், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, வீட்டுப் பேச்சு குழந்தையின் காதைச் செதுக்கிவிடுகிறது.

‘பல்லி’க்கும் ‘பள்ளி’க்கும் உள்ள வேறுபாட்டை நாம் எந்தக் கைக்குழந்தைக்கும் பாடம் நடத்துவதில்லை, அது கேட்டே தேர்ந்துவிடுகிறது. அதே காரணத்தால்தான், ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று சொல்லும் நம் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளியில் ழகரத்துக்குத் தடுமாறுகிறது. அது சோம்பலால் வருவது இல்லை. பொறுமையாகத் திரும்பத் திரும்பக் காதில் போட்டால் வந்துவிடும். அதற்காகப் பிரம்பை எடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு “மூன்று வயதோடு எல்லாம் முடிந்தது” என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. சில திறன்களுக்கு இளமை மிக ஏற்ற காலம் என்பது உண்மை. ருமேனியாவில் பெரிய அநாதை இல்லங்களில் விடப்பட்ட 136 குழந்தைகளை 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. அன்பான வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள், இல்லத்திலேயே இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன் மாற்றப்பட்டவர்கள் பல வகைகளில் கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் தாமதமாக மாற்றப்பட்டவர்களும் வளர்ந்தார்கள். திட்டமிடுதல், பொறுமை, தன்னடக்கம் ஆகியவற்றுக்குரிய மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. நேரம் ஆக ஆக உழைப்பு கூடும்; வழி அடைபட்டுப் போவதில்லை.

சுருக்கமாக: மூளை முழு வடிவத்தோடு பிறப்பதில்லை. பயன்படும் பாதைகள் நிலைக்கின்றன, பயன்படாதவை மறைகின்றன. எந்தப் பாதையில் நடை விழும் என்பதைக் குழந்தையைச் சுற்றி உள்ளவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

## கோலாட்டத்தில் இரண்டு கோல்கள்

அப்படியானால் குழந்தையின் முன்னே பேசிக்கொண்டே இருந்தால் போதுமா? போதாது. கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கோலை நீட்ட, எதிரில் இருப்பவர் சரியான நேரத்தில் தட்ட வேண்டும். எதிர்க்கோல் வராவிட்டால் ஆட்டம் இல்லை. குழந்தை தன் கோலைப் பல வழிகளில் நீட்டுகிறது: ஒரு பார்வை, ஒரு சத்தம், சுட்டுகிற விரல், அழுகை. பெரியவர் அதைக் கவனித்து, அதற்குப் பொருத்தமாக ஏதேனும் செய்யும்போது ஒரு தட்டு முடிகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை இக்கட்டுரையில் எதிர்மொழி என்று அழைப்போம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கும் எதிர்மொழிதான் பாதைகளில் விழுகிற நடை.

முக்கூடல் பக்கம் ஒரு வளவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வளவு தெரியாத வெளியூர்க்காரர்களுக்காக: ஒரு பொது முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள் குடியிருக்கிற அமைப்பு அது. ஒரு தாய் தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ஆயிரம் பீடி முடித்துக் கடையில் கொடுக்க வேண்டும், சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். இலை, தூள், நூல் என்று விரல்கள் நிற்காமல் ஓடுகின்றன, கண்கள் விரலைவிட்டு விலகவில்லை. இரண்டு வயதுக்கு நெருக்கமான அவருடைய மகள் முற்றத்து முருங்கை மரத்தைக் காட்டி “அந்தா, அந்தா” என்றது. தாய் தலை நிமிராமல் “ம்” என்றார். குழந்தை மறுபடி “அந்தா” என்றது. எதிர்த் திண்ணையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஆச்சி, அவர்களுக்கு உறவுகூட இல்லாதவர், முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நெற்றிக்குக் கொடுத்து மரத்தைப் பார்த்தார். “ஆமாட்டி, அணிலு! வால எப்படி ஆட்டுது பாத்தியா? எங்கன ஓடுது?” குழந்தை இரண்டு கையையும் ஆட்டி, “ஓடி… ஓடிச்சு” என்றது. “ஓடிப்போச்சா? எங்க போச்சு?” குழந்தை கூரையைக் காட்டியது.

மொத்தம் அரை நிமிடம் இருக்கும். அதற்குள் குழந்தைக்கு ஒரு பெயர் கிடைத்தது. அது பார்த்த பொருளை இன்னொருவரும் பார்த்தார். அதன் குறைச் சொல்லை ஆச்சி முழுச் சொல்லாக்கித் திருப்பிக் கொடுத்தார். “எங்கே” என்ற கேள்விக்கு விரலாலேயே விடையும் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் கூப்பிட்டால் உலகம் திரும்பிப் பார்க்கும் என்ற நம்பிக்கை ஒரு படி உறுதியானது. இவற்றில் எதற்கும் காசு செலவாகவில்லை. தாய்க்கு அன்பும் குறையவில்லை. அவருடைய கண்ணையும் கையையும் ஆயிரம் என்ற கணக்கு கட்டிப் போட்டிருந்தது.

இதே எதிர்மொழியைத் திரையால் தர முடியுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2003இல் பட்ரிசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகளில் விளையாடினார்கள். குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆள்கள், அதே பேச்சு, ஆனால் காணொளியில் என்று கொடுத்தபோது கற்கவில்லை. காணொளி கோலை நீட்டும். குழந்தை நீட்டுகிற கோலை அது தட்டாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிற வகையில் உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த பரிந்துரையை இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். சோறு ஊட்டுவதற்காகக் கைப்பேசியைக் கொடுத்துவிட்ட தாயைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த வேளையில் வேறு ஒரு மடி அருகில் இல்லை என்பதைத்தான் அந்தக் கைப்பேசி காட்டுகிறது.

ஏழைக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற ஒரு கணக்கு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1995இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில் இருந்தவை மொத்தம் 42 குடும்பங்கள். அவற்றில் அரசு உதவியை நம்பி வாழ்ந்த மிக ஏழைக் குடும்பங்கள் ஆறுதான். அதைவிட முக்கியமான குறை, பெற்றோர் குழந்தையிடம் பேசியதே முதன்மையாக எண்ணப்பட்டது. 2018இல் வந்த வேறோர் ஆய்வு, குழந்தையைச் சுற்றி உள்ள மற்றவர்களின் பேச்சையும் சேர்த்து எண்ணியபோது, அந்தப் பெரிய இடைவெளியை அப்படியே காணவில்லை. நம் வளவின் ஆச்சியை எண்ணாத கணக்கு நம் வீட்டைப் பற்றிச் சரியாகச் சொல்லாது என்பது என் துணிபு. அதே 2018இல் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வில், காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், பேச்சு எத்தனை முறை கைமாறியது என்பதே மொழிக்குரிய மூளைப் பகுதியின் செயல்பாட்டோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

## படித்துறையில் ஒரு பாடம்

எதிர்மொழி பேச்சுக்கு மட்டும் உரியது இல்லை. நான் நீச்சல் பழகியது தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில். மாமா என் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தண்ணீரில் கிடத்தி, “காலை அடிலே, தலையைத் தூக்காத” என்பார். சில நாள் கழித்து உள்ளங்கை இரண்டு விரலானது. ஒரு நாள் படிக்குத் திரும்பி வந்து நான் மூச்சு வாங்கியபோது, “கையை எப்பவோ எடுத்தாச்சுலே” என்றார். முதல் நாளே ஆற்றில் தள்ளிவிட்டிருந்தால் தண்ணீரைக் கண்டு பயந்திருப்பேன். கையை எடுக்காமலே இருந்திருந்தால் இன்றும் நீந்தத் தெரிந்திருக்காது.

லெவ் விகாட்ஸ்கி (1896–1934) என்ற ரஷ்ய உளவியலாளர் இந்த இடைப்பட்ட பரப்பைத்தான் விளக்கினார். குழந்தை தனியாகச் செய்ய முடிந்தது ஒன்று; எவ்வளவு உதவினாலும் இப்போதைக்கு முடியாதது ஒன்று; இரண்டுக்கும் நடுவே, தெரிந்த ஒருவர் துணை நின்றால் முடிகிறது என்று ஒரு பகுதி உண்டு. இதை எட்டும் எல்லை எனலாம். கற்றல் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் நடக்கிறது. துணை நிற்பவர் தரும் தற்காலிக உதவிக்கு, கொத்தனார் கட்டுகிற சாரத்தின் பெயரையே 1976இல் சில ஆய்வாளர்கள் வைத்தார்கள். சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

வீட்டுப் பாடத்தைத் தாங்களே எழுதிக் கொடுக்கும் பெற்றோரும், “நீயே போய்ப் படி” என்று கதவைச் சாத்தும் பெற்றோரும் இந்த எல்லைக்கு வெளியேதான் நிற்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் எல்லைக்குள் நிற்க முடியும். “இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு” என்று கேட்டு, புரியாத இடத்தில் “அதெப்படி?” என்று மறுபடி கேட்பதும் சாரம்தான். பத்தமடையில் பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளைக்குக் கோரையை எப்படிப் பிடிப்பது என்று தாய் ஒரு முறை கையைப் பிடித்துக் காட்டுகிறாரே, அந்தக் கை அறியும் கலை பாடப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

## பசியும் அச்சமும்

கோலை நீட்டுவதற்குக் குழந்தைக்குத் தெம்பு வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் சோகை பிடித்த குழந்தை சோர்ந்து கிடக்கும், கூப்பிடுவது குறையும், கூப்பிடாத குழந்தையிடம் பெரியவர்கள் பேசுவதும் குறையும். ஊட்டம் மூளைக்கு நேராக உதவுவதோடு, இப்படிச் சுற்று வழியிலும் உதவுகிறது. காமராசர் ஆட்சியில் 1956இல் வந்த மதிய உணவையும், 1982இல் வந்த சத்துணவையும், 2022இல் தொடங்கிய காலை உணவையும் ‘இலவசம்’ என்று ஒரு சொல்லில் ஒதுக்குகிறவர்கள் இந்தச் சுற்று வழியைக் காணாதவர்கள்.

ஆனால் உணவு மட்டும் போதுமா? ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளின் குடும்பங்களைப் பிரித்து, சிலருக்கு ஊட்டச்சத்து உணவும், சிலருக்கு வாரந்தோறும் ஒரு சுகாதாரப் பணியாளரின் வருகையும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லாமலும் இரண்டு ஆண்டு நடத்தினார்கள். வருகிறவர் வீட்டிலேயே செய்த எளிய விளையாட்டுப் பொருள்களை வைத்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். சுமார் 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த வருகையைப் பெற்றிருந்தவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி ஒரு நீடித்த பலன் தெரியவில்லை. உணவு தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. உணவோடு ஓர் ஆளும் வேண்டும்.

அச்சம் இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவின் பதற்றம் யாரையும் கெடுப்பதில்லை. ஆனால் வீட்டில் அடிதடி, குடி, நாளை என்ன ஆகுமோ என்ற பயம் ஆகியவை மாதக்கணக்கில் நீடித்து, ஆறுதல் சொல்ல ஒரு பெரியவரும் இல்லாமல் போனால், உடலின் அபாய மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த நிலைக்கு நச்சழுத்தம் என்று பெயர். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு அடுத்த ஆபத்துக்குக் காத்திருக்கும் மூளைக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டில் நிற்க இடமிருக்காது. “கவனமே இல்லை” என்று நாம் குறை சொல்லும் பிள்ளை பல நேரம் வேறொன்றின் மேல் முழுக் கவனமாக இருக்கிறது. நம்பிக்கையான ஒரே ஒரு பெரியவர் அருகில் இருந்தாலும் இந்த அழுத்தத்தின் கடுமை வெகுவாகக் குறைகிறது.

நம் மாவட்டத்தில் இதைப் பேசும்போது சாதியைப் பேசாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர், உடன் படித்த மாணவர்களால் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டார். அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். மணிக்கட்டில் கட்டுகிற நிறக் கயிறுகூடப் பிள்ளைகளை எப்படிப் பிரிக்கிறது என்பதை அந்த அறிக்கை பேசியது. எந்தத் தெரு வழியே வீட்டுக்குப் போவது என்று யோசித்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும், வெட்டரிவாளைப் பெருமையாகக் கேட்டு வளரும் குழந்தைக்கும் ஊரே சூழல். அதை ஒரு தாயின் வளர்ப்பு என்று சொல்லி ஊர் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

சுருக்கமாக: எதிர்மொழி நடக்க, குழந்தைக்கு வயிறும் மனமும் அமைதியாக இருக்க வேண்டும், பதில் தர ஒருவர் கையும் கண்ணும் ஓய்வாக இருக்க வேண்டும். இரண்டாவதை யார் தீர்மானிக்கிறார்கள்?

## கடைமடைக்கு வரும் தண்ணீர்

கடைமடை வயலில் நிற்கும் நாற்று தன் மடையை மட்டுமே அறியும். மடைக்குத் தண்ணீர் வாய்க்காலிலிருந்து, வாய்க்காலுக்குக் குளத்திலிருந்து, குளத்துக்குக் கால்வாயிலிருந்து, கால்வாய்க்குத் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து, ஆற்றுக்குப் பொதிகையில் பெய்த மழையிலிருந்து. எங்கே அடைத்தாலும் வாடுவது நாற்று.

யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் வெளியிட்ட நூலில் குழந்தையின் சூழலை இப்படித்தான், ஒன்றைச் சூழ்ந்த ஒன்றான வளையங்களாக விளக்கினார். உள் வளையத்தில் குழந்தை நேரில் பழகும் வீடு, பால்வாடி, பள்ளி, தெரு. அடுத்தது, இவை ஒன்றோடொன்று கொள்ளும் உறவு. ஆசிரியரும் தாயும் ஒருவரையொருவர் மதிக்கிறார்களா என்பது அதில் அடங்கும். அதற்கும் வெளியே, குழந்தை காலெடுத்து வைக்காத, ஆனால் அதன் நாளைத் தீர்மானிக்கிற இடங்கள்: தந்தை வேலை பார்க்கும் கடை, தாய்க்குச் சம்பளம் கணக்கிடும் அலுவலகம், கடைசிப் பேருந்தின் நேரம். எல்லாவற்றையும் சூழ்ந்து சட்டம், வழக்கம், சாதி, பொருளாதாரம். மற்றவற்றை விட்டுவிட்டாலும் மூன்றாவது வளையத்தை மட்டும் மறக்காதீர்கள். ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற தீர்ப்பு எப்போதும் அதைத்தான் விட்டுவிடுகிறது.

முக்கூடல் தாய்க்குத் திரும்புவோம். அவர் “ம்” என்று மட்டும் சொன்னதற்குக் காரணம் வீட்டுக்குள் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கு அந்த முற்றத்துக்குள் வந்து, அணிலுக்கும் குழந்தைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. ஆச்சி அந்த இடைவெளியை நிரப்பினார். ஆச்சி இல்லாத வீட்டில் அங்கன்வாடிப் பணியாளர் நிரப்பலாம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஊர்தோறும் அவரைக் கொண்டுவந்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தெருவிலேயே ஒரு தன்னார்வலர் மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்ததும் இதே இடத்தை நிரப்பத்தான். வளவு வீடுகள் இடிந்து தனி வீடுகள் எழும்புகிற இக்காலத்தில், அடுத்த திண்ணையின் ஆச்சியை இழந்ததற்கு ஈடாக நாம் எதை வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு தெருவும் கேட்டுக்கொள்ள வேண்டும். வளவில் சண்டையும் இடநெருக்கடியும் பிறர் வீட்டுக் கதையில் மூக்கு நுழைப்பதும் இருந்தன. அது திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குழந்தை ‘அந்தா’ என்றால் திரும்பிப் பார்க்க ஆறு பேர் இருந்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

## வீட்டுக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

இரண்டாவது வளையத்தில், அதாவது வீடும் பள்ளியும் சந்திக்கிற இடத்தில், நம் பிள்ளைகள் பலர் சறுக்குகிறார்கள். ‘அவர்கள் வந்தார்கள்’ என்பதை வீட்டில் “அவிய வந்தாவ” என்று பேசிப் பழகிய குழந்தை முதல் வகுப்பில் அப்படிச் சொன்னதும் சிரிப்பு எழுந்தால், அது தன் வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாயிலிருந்து கோல் நீளாது. எழுத்துத் தமிழைக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை வீட்டுத் தமிழின் தோளில் ஏற்றித்தான் கற்பிக்க முடியும்.

வீட்டிலிருந்து வரும் அறிவைப் பள்ளி அடையாளம் காணாமல் போவதற்குச் சான்று பிரேசிலில் இருந்து வந்தது. ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரை ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சோதித்தார்கள். கடையில் வாங்குபவரைப் போல் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. கணக்கு அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தாளுக்கும் தெருவுக்கும் நடுவே பாலம் இல்லை.

அந்தப் பாலம் எப்படி இருக்கும் என்பதை நான் ஒரு முறை மூன்றாம் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கரும்பலகையில் 25 × 40 என்று இருந்தது. பீடி சுற்றும் வீட்டிலிருந்து வரும் ஒரு சிறுமி, சுழியத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுண்ணக்கட்டியோடு நின்றாள். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். டீச்சர் பலகையை அழித்துவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“ஒரு கட்டுல எத்தனை பீடிம்மா?”

“இருவத்தஞ்சு டீச்சர்.”

“நாலு கட்டு?”

“நூறு.”

“அம்மா நாப்பது கட்டு கட்டி வச்சிருக்காவ. எத்தனை இருக்கும்?”

அந்தச் சிறுமி பலகையைப் பார்க்கவே இல்லை. “ஆயிரம் டீச்சர், அதான் ஒரு நாளுக்கு” என்றாள். டீச்சர் சுண்ணக்கட்டியை அவள் கையிலேயே விட்டுவிட்டு, “இப்ப நீ சொன்னத அப்படியே எழுது” என்று ஒதுங்கி நின்றார்.